வெள்ளைச் சாக்பீஸ், சிவப்புச் சாக்பீஸ்

காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் வையுங்க தம்பி. பொட்டலம் இருக்கிறது, மிதித்தால் வளைந்துபோகும். கீழே வைத்தது என் தப்புதான். மடியில் வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் வேண்டாம், நீங்க பிடிக்க வேண்டாம். கல்லாறு தாண்டினால் வளைவு ஆரம்பம். அப்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடிப்பீங்களா, என் பொட்டலத்தைப் பிடிப்பீங்களா?

குன்னூர்தானே? நானும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். சொந்தக்காரர் யாரும் இல்லை. ஒரு கார் இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன். வாங்குவதற்கு இல்லைங்க. மதிப்பீடு.

விலை சொல்கிற மதிப்பீடு இல்லை. அதை எந்தத் தரகரும் செய்வார். எழுபத்தைந்து வயசுக் கார் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்க. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைக்கு அது எப்படி இருந்தது, அதில் இன்றைக்கு எது மிச்சம், எது பிற்பாடு யார் யாரோ கொண்டுவந்து ஒட்டவைத்தது, இதைச் சொல்லுகிற வேலை. இதைச் சொன்னால்தான் காரை அசல் நிலைக்குக் கொண்டுபோக முடியும். கோயமுத்தூர், நீலகிரி இரண்டு ஜில்லாவிலும் இதை முறையாகச் செய்கிறவன் நான் ஒருத்தன்தான். வேறு ஆள் இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

பிழைப்பு வேறே. மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கு, அதில் ராத்திரி ஆபரேட்டர். மணிக்கு ஒருதரம் அம்மோனியா அழுத்தத்தைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. மீதி ஐம்பத்தைந்து நிமிஷம் கிழங்கு தூங்கும், நான் விழித்திருப்பேன். இருபத்துமூன்று வருஷமாக இப்படித்தான். ஊரே தூங்கும்போது விழித்திருக்கிறவனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் தம்பி. சிலபேர் குடிப்பார்கள். எனக்குப் பழைய பேப்பர் கடையில் ஒரு புத்தகம் கிடைத்தது.

எம்.ஜி. டி.சி. என்று ஒரு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். கம்பிச் சக்கரம், மடக்குகிற முன்கண்ணாடி. அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேடு. அட்டை கிடையாது. உள்ளே படங்கள். ஒவ்வொரு திருகாணியும் தனித்தனியாக ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி வரைந்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு எண், எல்லாவற்றுக்கும் ஒரு இடம். நான் பத்தாவதோடு நிறுத்தியவன். அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிக்க நான்கு ராத்திரி ஆனது. இன்றைக்கு என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்க, எந்தத் திருகாணி எங்கே போகும் என்று சொல்வேன்.

என் வீட்டுக்காரி சொல்லுவாள்: "மொபெட் செயினுக்கு எண்ணெய் விடத் துப்பில்ல, வெள்ளக்காரன் காருக்கு வைத்தியம்." அவளுக்கு ஞானம் இல்லை. விடுங்க.

அந்தக் குன்னூர்க் காருக்குச் சொந்தக்காரர் ஒரு டீச்சர். அவருக்கு என் நம்பரைக் கொடுத்தது ஒரு கண் டாக்டர். கோயமுத்தூரில் பழைய கார்களை வரிசையாக நிறுத்திக் காட்டுவார்கள் பாருங்க, அங்கே அவரும் ஒரு கார் வைத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று ஏழு பிழை எடுத்துச் சொன்னேன். முக்கால் மணி நேரம். மனுஷர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு மரியாதை. பிற்பாடு டீச்சர் சொன்னார்: "டாக்டர் உங்களப் பத்திச் சொன்னாருங்க. வந்தா லேசுல போகமாட்டார்னாரு." ஒரு வேலையைப் பாதியில் விடாதவன் என்று அதற்கு அர்த்தம்.

டீச்சர் பேர் பிலோமினா. கவர்ன்மென்ட் பள்ளிக்கூடத்தில் முப்பத்தாறு வருஷம் கணக்கு எடுத்தவர். வயசு எழுபத்தொன்று. வீட்டுக்காரர் ஜெயசீலன், தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியில் மெக்கானிக். வெள்ளைக்காரத் துரை சொந்த ஊருக்கே போகும்போது மரத்தடியில் மக்கிக் கிடந்த காரை "குப்பை, நீயே எடுத்துக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனாராம். ஜெயசீலன் அதை ஓட வைத்து, இந்த அம்மாவை உட்காரவைத்து, முப்பது வருஷம் மலையெல்லாம் சுற்றியிருக்கிறார். அவர் போய் ஒன்பது வருஷம். கார் விறகுக் கொட்டகையில் நின்றுவிட்டது.

போன வருஷம் தை மாசம் முதல்தரம் போனேன். ராத்திரி வேலை முடித்து நேராக முதல் பஸ். கொட்டகைக்குள்ளே நுழைந்ததும்... எப்படிச் சொல்வது தம்பி? பதினோரு வருஷம் படத்தில் மட்டும் பார்த்த முகம். இடது சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. அங்கே ஏற்கெனவே ஒருத்தன் நின்றுகொண்டிருந்தான். நஸீர், கீழ்க் குன்னூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன், நாற்பது வயசு. காரைச் சுற்றி ஒரு சுற்று வந்தான், பெட்ரோல் டேங்கைத் தட்டிப் பார்த்தான், அவ்வளவுதான் அவன் மதிப்பீடு.

"டீச்சர், பெட்ரோல் இழுக்கிற பம்ப்தான் போயிடுச்சு. வேற பம்ப் போட்டு, கார்புரேட்டரக் கழுவி, பிரேக்கப் பாத்தா ரெண்டு நாள்ல ஓடும்."

"எந்தப் பம்ப்?" என்றேன் நான்.

"மார்க்கெட்ல கிடைக்கிறதுதாங்க அண்ணே. சின்ன டப்பா மாதிரி."

டப்பா! இந்தக் காருக்கு! நான் அவனிடம் பேசவில்லை. டீச்சரைப் பார்த்து, "அம்மா, முதலில் இந்தக் காரில் எது அசல் என்று தெரிந்தாக வேண்டும். ஓடுவது கடைசியில் வருகிற விஷயம்" என்றேன். என் முறை என்னவென்றால், அசலுக்கு வெள்ளைச் சாக்பீஸ், அசல் இல்லாததற்குச் சிவப்பு. அன்றைக்குப் பார்த்துச் சாக்பீஸை மறந்துவிட்டேன். டீச்சர் உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். ரிட்டயர் ஆனபோது மிச்சமிருந்ததாம்.

டைனமோ அம்பாசிடருடையது. சிவப்பு. முன்விளக்கு இரண்டும் ஏதோ லாரியுடையது. சிவப்பு. சீட்டு ரெக்சின் சிவப்பு, கண்ணாடித் துடைப்பான் சிவப்பு, வேகமானியில் முள் மட்டும் சிவப்பு. முள்ளை யாரோ சைக்கிள் கம்பியில் தட்டிச் செய்திருந்தார்கள்! நஸீர் விறகின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டே கேட்டான்: "கோழிக்கு எந்தச் சாக்பீஸுங்க அண்ணே?"

டீச்சர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் கதவைத் திறந்து, உள்விரிப்பைத் தூக்கி, மரத்தைப் பார்த்தேன். இந்தக் காரின் உடம்பு முழுக்க இரும்பு இல்லை தம்பி. உள்ளே மரச்சட்டம், அதன்மேல் தகடு. இங்கிலாந்தில் ஆஷ் என்று ஒரு மரம், அதில் இழைத்தது. நம் ஊர் மழைக்கும் கரையானுக்கும் அது நின்றதாகச் சரித்திரமே இல்லை. நான் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், ஒரு மூலையில்கூட உளுப்பு இல்லை. இணைப்புக்குள் மயிரிழை நுழையாது. கையேட்டில் எழுபத்தெட்டாம் பக்கத்துப் படம் எழுந்து வந்து நின்ற மாதிரி. சட்டம் முழுக்க வெள்ளையால் கோடு போட்டேன். "அம்மா, மற்றதெல்லாம் போகட்டும். இந்த மரம் ஒன்று போதும். இது இங்கிலாந்துத் தொழிற்சாலைக் கைவேலை. இந்தக் கையை நம் ஊரில் பார்க்கவே முடியாது" என்றேன்.

நஸீர் பீடியை அணைத்துவிட்டு எழுந்தான். "அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தான்.

"நஸீர், நீ போய் டீ போட்டாச்சான்னு பாரு" என்றார் டீச்சர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் என்னைக் கேட்டார்: "இத அப்படியே எழுதித் தருவீங்களா கிருபாகரன்? கையெழுத்தோட?"

தந்தேன். பதினான்கு பக்க அறிக்கை. முதல் வரியே மரத்தைப் பற்றித்தான்.

டீ குடிக்கும்போது அவர் தன் விஷயத்தைச் சொன்னார். கண்ணில் அழுத்த நோய். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாதாம், குழாய்க்குள்ளே பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியுமாம். குழாய் வரவரச் சுருங்குகிறதாம். ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒருதரம் அந்தக் காரில் உட்கார்ந்து கேத்தி வளைவு வரைக்கும் போய்ப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும். அவரும் ஜெயசீலனும் வண்டியை நிறுத்தி முறுக்குத் தின்கிற இடமாம். "வேற ஆசை ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. அசல் பம்ப் வந்ததும் போகலாம்" என்றேன்.

இதோ பர்லியார். இறங்கி டீ குடிக்கிறீங்களா? நான் இறங்கவில்லை, பொட்டலம் இருக்கிறது. நீங்க போய்வாங்க.

வந்துட்டீங்களா. எங்கே விட்டேன்? பம்ப். அந்தக் காரின் அசல் பம்ப் சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று அடிக்கும், பெட்ரோல் நிறைந்ததும் நின்றுவிடும். கையேட்டில் போட்டிருக்கிறது. இங்கிலாந்தில் பழைய சாமான் விற்கிற ஒரு ஆளுக்கு என் அக்கா மகன் மூலமாக எழுதிப்போட்டேன். நான்கு மாசத்தில் வந்தது. பெட்டியைப் பிரித்தேன். புதுசாக அச்சில் வார்த்த நகல்! திருப்பி அனுப்பினேன். அடுத்தது ஐந்து மாசம். அது அசல்தான், ஆனால் பத்து வருஷம் பிந்தின மாடல். அடித்தட்டில் துளை மூன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. அதையும் திருப்பி அனுப்பினேன். வேறொருத்தன் என்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று மாட்டிவிட்டிருப்பான்.

டீச்சர் மாசம் தவறாமல் போன் செய்வார். "வந்துடுச்சாங்க கிருபாகரன்?" நானும் மாசம் தவறாமல் பதில் சொல்வேன். ஒருதரம்கூடப் போனை எடுக்காமல் விட்டதில்லை. ஒருநாள், "நேத்துப் படிக்கட்டுல தடுக்கிட்டேன், குழாய் ரொம்பச் சின்னதாயிடுச்சு" என்றார். நான் அவருக்கு அடித்தட்டுத் துளை விஷயத்தை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். ஆசிரியராக இருந்தவர் இல்லையா.

மூன்றாவது பம்ப் பதினான்காவது மாசம் வந்தது. தம்பி, மூன்று துளை! எண் முத்திரை! அதே பழுப்பு மூடி! அன்றைக்கு ராத்திரி அம்மோனியா அழுத்தத்தை இரண்டு தடவை எழுத மறந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, இதே பஸ், இதே சீட்டு, மடியில் பம்ப்.

கேட்டைத் திறந்து உள்ளே போனால் கார் வெளியே வெயிலில் நிற்கிறது. கழுவியிருக்கிறது. ஒரு சாக்பீஸ் கோடு இல்லை. வெள்ளை, சிவப்பு ஒன்றும் இல்லை. பானெட் சூடாக இருக்கிறது.

திறந்து பார்த்தேன். டப்பா! சின்னச் சதுர டப்பா, இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது.

போன வாரம் சனிக்கிழமையே நஸீர் மாட்டினானாம். மறுநாள் கேத்தி வளைவுக்குப் போய்விட்டு வந்தார்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை! பதினான்கு மாசம் நான் யாருக்காக நாயாய் அலைந்தேன்? சொல்லுங்க தம்பி, இது நியாயமா? இதுதான் என் வழக்கு. யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. இல்லையா? சரி.

டீச்சர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் சற்றுத் தள்ளித் திருப்பினார். "வாங்க கிருபாகரன். செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது. பாத்துட்டேங்க. பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியல. ஒரு தட்டு அளவுக்குத் தெரிஞ்சுது. கேரட் தோட்டம், ஒரு சிவப்புக் கூரை, புகை. போதுமுங்க."

"அம்மா, அசல் இல்லாத பம்பில் போய்விட்டீங்களே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "ஒரு நகல் போதும் அம்மா, மொத்தக் காரும் கெட்டுப்போகும். அந்த மரச்சட்டத்துக்குப் பக்கத்தில் இந்த டப்பாவை வைக்க எப்படி மனசு வந்தது?"

காருக்குப் பக்கத்தில் நின்ற நஸீருக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்பானரைக் கீழே போட்டான். "அண்ணே, நானும் ஒரு வருசமா வாய மூடிட்டிருக்கேன். அந்தச் சட்டம் சில்வர் ஓக். எஸ்டேட்ல நிழலுக்கு நடுவாங்களே, அந்த மரம். இங்கிலீஷ் மரத்தக் கரையான் தின்னு தீத்துடுச்சு. எழுபத்திநாலுல ஜெயசீலன் அண்ணன் தன் கையால இழைச்சுப் போட்டாரு. எங்க வாப்பா கூடமாட நின்னாரு. கொட்டகைச் சுவத்துல தொங்குதே பலகை அச்சு, அதுல வரஞ்சுதான் அறுத்தாங்க. நீங்க அதுலதான உங்க குடைய மாட்டுவீங்க!"

ஆமாம், அந்தப் பலகைகளில் குடையை மாட்டுவேன். வளைவு வளைவாக அறுத்த பலகைகள். நான் தேயிலைப் பெட்டி மூடி என்று நினைத்திருந்தேன்.

"நஸீர், போதும்" என்றார் டீச்சர்.

"தெரிந்துமா அம்மா சொல்லவில்லை?"

"எதுக்குங்க சொல்லணும்? இவரு ரெண்டு மழைக்காலம் உக்காந்து செஞ்சாரு. எஸ்டேட்ல ஒருத்தரும் அதத் திரும்பிப் பாக்கல. நாப்பத்தெட்டு வருஷம் கழிச்சு நீங்க வந்து இங்கிலாந்து வேலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. அத நான் கல்லறைக்கு எடுத்துட்டுப் போய்ப் படிச்சுக் காட்டினேன். அப்பக் கண்ணு தெரிஞ்சுது."

நான் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. நஸீருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? அவன் வாப்பாவும் உயிரோடு இல்லை. டீச்சருக்கு வயசாகிவிட்டது. பதினோரு வருஷம் படித்தவன் கண் தப்பாகுமா? ஆனால் அறிக்கையை அவர்களும் திருத்தச் சொல்லவில்லை, நானும் திருத்தவில்லை. முதல் வரி அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஆத்திரத்தில் அங்கேயே, அப்போதே அசல் பம்பை மாட்டச் சொன்னேன். நஸீர் மறுபேச்சுப் பேசாமல் மாட்டினான். சாவியைத் திருப்பினான். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். டிக் கூட இல்லை. மறுபடியும் திருப்பினான். ஒன்றுமில்லை. எழுபத்தைந்து வருஷத்துச் சாமான், உள்ளே கருகியிருக்கிறது. "அசல் தூங்குதுங்க அண்ணே" என்றான் அந்தப் படுபாவி. திரும்ப டப்பாவை மாட்டினான். ஓடாவிட்டால் என்ன, அசல் அசல்தான். இப்போது அது டீச்சர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், அவர் வாங்கின நல்லாசிரியர் விருதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாரம் ஒருதரம் துடைத்து வைக்கிறேன்.

கிளம்பலாம் என்று குடையை எடுத்தேன். டீச்சர் விடவில்லை.

"கிருபாகரன், ஒரு உதவி. நஸீர் நல்லா ஓட்டுவான். ஆனா ஓட்டும்போது வாயத் திறக்கமாட்டான். அன்னைக்கு எனக்கே கொஞ்சம் தெரிஞ்சுது, சரியாப் போச்சு. இனிமே எனக்கு எல்லாம் யாராவது சொன்னாத்தான். நீங்கதான் கண்ணுல படறது ஒண்ணு விடாம சொல்வீங்க. அடுத்த வாரம் நீங்க ஓட்டுங்களேன். ரெண்டு சீட்டுதான இருக்கு."

நான் காரைப் பார்த்தேன். நஸீர் வானத்தைப் பார்த்தான்.

"அசல் நிலைக்கு வராத வாகனத்தை நான் ஓட்டுவதில்லை அம்மா" என்றேன்.

"அண்ணனுக்கு ஓட்டத் தெரியாதுங்க டீச்சர்" என்றான் நஸீர்.

எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. முதல் நாள் நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டர் என்று நினைத்துப் பிரேக்கை அழுத்திப் பார்த்ததைக் கவனித்திருப்பான். ஆமாம் தம்பி, எனக்கு ஓட்டத் தெரியாது. எந்தக் காரும். எந்தக் கிளட்ச் தகட்டில் எத்தனை ஸ்பிரிங் என்று தெரியும். அதற்கு மேல் தேவைப்படவில்லை. கிழங்குக் கிடங்கில் யாருக்குக் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது?

டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. முப்பத்தாறு வருஷம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளைப் பார்த்தவர். "அவ்வளவுதான? நஸீர், வர ஞாயித்துக்கிழமையில இருந்து சொல்லிக் குடு" என்றார். வீட்டுப்பாடம் சொல்கிற குரல். நான் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்னமோ, "எத்தனை மணிக்கு?" என்றுதான் வந்தது.

ஏழு வாரமாகப் போகிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதீங்க, மதிப்பீடுதான் முக்கியம். ஓட்டிப் பார்த்தால் கியர்ப்பெட்டியின் சத்தத்தைக் குறித்துக்கொள்ளலாம் இல்லையா, அதற்காக ஒத்துக்கொண்டேன். நஸீர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவான்: "அண்ணே, அது கிளட்ச்சு, படிக்கிறதுக்கு இல்ல, மிதிக்கிறதுக்கு!" டீச்சர் கேட்டருகில் நாற்காலி போட்டுக் காதால் பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது இப்போது. போன வாரம் நாங்கள் திரும்பி வந்ததும், "இன்னைக்கு ரெண்டாவது கியர் அழல" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்குள் லைசென்ஸ் எடுத்துவிட வேண்டும் என்று கெடு. பழகுநர் பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் சரி, எழுத்தில் கேட்டால் எனக்கென்ன பயம்? ராத்திரி அம்மோனியா நோட்டின் பின்பக்கத்தில் வழியில் இருப்பதையெல்லாம் எழுதிவைக்கிறேன். எந்த வளைவில் எந்தக் கடை, எங்கே யூகலிப்டஸ் முடிந்து தேயிலை ஆரம்பிக்கிறது, சிவப்புக் கூரை எந்தப் பக்கம். ஒன்று விட்டுப்போகக் கூடாது பாருங்க.

ஸ்டாண்டு வந்துவிட்டது. நீங்க முதலில் இறங்குங்க, எனக்கு அவசரமில்லை. ஓ, பொட்டலமா? பம்ப் இல்லைங்க. கூச்சமாக இருக்கிறது, சரி, ஓரத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். தகடு இரண்டு. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. வெள்ளைத் தகட்டில் சிவப்பில் ஒரு எல். மேட்டுப்பாளையத்தில் ஸ்டிக்கர் ஒட்டுகிற பையனிடம் சொல்லிச் செய்தது. இதுவரை மேலே எஸ்டேட் மண்ரோட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தோம், இன்றைக்கு மெயின்ரோட்டுக்கு விடுகிறேன் என்றிருக்கிறான் நஸீர்.

அறிக்கையில் சேர்த்துவிட்டேன், மறைக்கவில்லை. பதினைந்தாம் பக்கம். 'எல் தகடு, இரண்டு. அசல் அல்ல. கிறிஸ்துமஸ் வரை இருக்கலாம்.'